நல்ல விலைக்குக் கிடைத்த பாரசூட்

இந்த நாட்டில் ஒரு கடைக்குள் போய் "சும்மா பார்க்க வந்தேன்" என்று சொன்னால் நம்பிவிடுகிறார்கள். வந்த புதிதில் எனக்கு இது பெரிய அவமரியாதையாகப் பட்டது. சிரித்துக்கொண்டு வருகிற கடைக்காரப் பெண், நான் அப்படிச் சொன்னதும் தலையாட்டிவிட்டு அப்பால் போய்விடுவாள். நான் சட்டைகளுக்கு நடுவில் கேட்பாரற்று நிற்பேன். இலங்கையில் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கல்முனைக் கடைத்தெருவில் அதே வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள். ஒரு கதிரை வரும். ஒரு சோடா உடைபடும். மேல் தட்டில் இருப்பதெல்லாம் இறங்கி மேசையில் விரியும். சும்மா பார்க்க வந்தவன்தான் வாங்க வந்தவன் என்பது அங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமில்லை.

அவுஸ்திரேலியாவில் எனக்குக் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற வேலை. பிறந்தநாள் கொண்டாடியே பழக்கமில்லாத என்னுடைய நாற்பதாவது பிறந்தநாளுக்கு, வேலைத்தலத்துக் கூட்டாளிகள் சேர்ந்து ஒரு டிக்கெட் வாங்கித் தந்தார்கள். ஒரு பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டி, பிளேனிலிருந்து தள்ளிவிடுகிற டிக்கெட். போகும்போது எனக்குத் தெரிந்த ஓதலெல்லாம் ஓதி முடித்தேன். தரையில் கால் பட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி, மறுபடி எப்போது போகலாம் என்பது. ஒரு வருடத்துக்குள் தனியாகக் குதிக்கிற லைசனும் எடுத்துவிட்டேன். எங்கள் ஊர் சாய்ந்தமருதுவில் தென்னை மரத்தில்கூட ஏறாதவன் என்று என் மூத்த சகோதரி, ராத்தா, இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறாள்.

எல்லாம் சரி, ஆள்தான் அளவில்லை. என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். ஊரில் இது யாரும் கவனிக்காத உயரம். இங்கே வாடகைக்குக் கிடைக்கிற பாரசூட் பைகளெல்லாம் ஆறடி ஆட்களுக்குத் தைத்தவை. பட்டிகளைக் கடைசிவரை இறுக்கினாலும் தோளில் நாலு விரல் இடைவெளி நிற்கும். எட்டுப் பேர் வானத்தில் கைகோத்து வளையம் போடுகிற ஒரு குதிப்பு சனிக்கிழமை நடக்க இருந்தது. அதில் எனக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது. அளவான சொந்தப் பாரசூட் இல்லாமல் என்னை ஏற்ற மாட்டேன் என்று பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் இடத்துக்கு இன்னொருவன் காத்துக்கொண்டிருந்தான். அன்று வியாழன்.

இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டி, ட்ரெவர் என்பவருடைய கடைக்குப் போனேன். வயலுக்கு நடுவில் தகரக் கொட்டகை. உள்ளே கொக்கிகளில் பாரசூட் பைகள் வரிசையாகத் தொங்கின. ஓரத்தில் தொங்கிய ஒன்றைப் பார்த்ததும் அது எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. நீலமும் சாம்பலும். புத்தம் புதியது. தோளில் போட்டால் தையற்காரன் என்னை அளந்து வெட்டியதுபோல் இருந்தது. குறை என்று ஒன்றே ஒன்றுதான். முதுகுப் பக்கத்து மூடியில் வெள்ளை நூலில் 'கொலின்' என்று ஆங்கிலத்தில் பெரிதாகப் பின்னியிருந்தார்கள். என்னளவு உயரமுள்ள யாரோ ஒரு கொலின் தனக்கென்று சொல்லிச் செய்வித்து, முழங்கால் கெட்டுப்போனதால் எடுக்காமல் விட்டுவிட்டாராம். விலைச்சீட்டில் போட்டிருந்ததோ முழு விலை. அது என் கைக்கு எட்டாத விலை.

அப்போது என் உம்மா எனக்குள் விழித்துக்கொண்டார். பெருநாளைக்குப் புடவை எடுக்க உம்மா கல்முனைக்குப் போனால் பை தூக்க நான்தான் போவேன். உம்மா ஒருநாளும் ஒரு பொருளை நல்லது என்று சொன்னதில்லை. சொன்னால் விலை ஏறிவிடும். பிடித்த புடவை கையில் வந்ததும் முகத்தைச் சுளிப்பார். வெளிச்சத்தில் பிடிப்பார். ஓரத்தை இழுத்து, "இது ரெண்டு தரம் தோய்ச்சா சாயம் போயிரும்" என்பார். முதலாளி நெஞ்சில் கைவைத்து, தன் வாப்பா காலத்திலிருந்தே சாயம் போகிற புடவை இந்தக் கடைக்குள் வந்ததில்லை என்பார். சாயம் போகாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அதில் ஓர் ஒழுங்கும் இருந்தது. உண்மையிலேயே ஓட்டை இருந்தால் உம்மா அதை வாயால் சொல்ல மாட்டார்; சத்தமில்லாமல் அந்தப் புடவையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். உள்ள குறையைச் சொன்னால் முதலாளிக்கு முகம் விழுந்துவிடும். இல்லாத குறையைச் சொன்னால்தான் வியாபாரம் நடக்கும்.

ஆகவே கொலினைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. தோள்பட்டியைப் பிடித்து இழுத்தேன். விரலால் தடவினேன். முகத்தைச் சுளித்து, என் நல்ல ஆங்கிலத்தில், "இந்தத் தையல் கொஞ்சம் தளர்வாக இருக்கிறதே" என்றேன்.

ட்ரெவர் நெஞ்சில் கைவைக்கவில்லை. அவருடைய முகம் மாறியது. "எந்தத் தையல்?" என்று கேட்டார். நான் எங்கேயோ ஓரிடத்தைக் காட்டினேன். அவர் பையை என் கையிலிருந்து வாங்கி, கடைக் கதவில் 'மூடப்பட்டுள்ளது' என்ற பலகையைத் திருப்பிவிட்டு, பின்னறைப் பக்கம் பார்த்து மெரில் என்று கூப்பிட்டார். மெரில் பாரசூட்களைச் சோதித்து மடித்துக் கட்ட அனுமதிப்பத்திரம் பெற்ற அம்மா. மூக்கு நுனியில் கண்ணாடி. நான் காட்டிய இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டார். பையை நீட்டு மேசையில் பரப்பி, விளக்கை இறக்கி, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தையல்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். முதலில் அந்தப் பட்டி. பிறகு மற்றப் பட்டி. அதே தொழிற்சாலையிலிருந்து வந்த வேறு இரண்டு பைகளையும் ட்ரெவர் கொக்கியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தார். தொழிற்சாலைக்கு எழுதவேண்டும் என்று தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள். எழுதினால் பதில் வரும்வரை இதில் எதையும் விற்க முடியாதாம்.

சனிக்கிழமை என் கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. அதைவிட, அந்த அம்மா குனிந்து குனிந்து தேடியதைப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. கல்முனையில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தேன். தையலில் நான் எதையும் காணவில்லை, எங்கள் ஊரில் விலை குறைத்துக் கேட்கிற வழி இதுதான் என்று இருவரிடமும் ஒப்புக்கொண்டேன். உம்மாவையும் சாயத்தையும் விளங்கப்படுத்தினேன். மெரில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"தையல் சரியில்லை என்று யார் சொன்னாலும் நான் நம்புவேன்," என்றார் ட்ரெவர். "நம்பாத நாளில் இந்தக் கடையை மூடிவிட வேண்டும்."

எனக்கு அந்தக் கணமே கதவைத் திறந்துகொண்டு ஓடவேண்டும்போல் இருந்தது. அவர்தான் தொடர்ந்து, விலை குறைய வேண்டும் என்றால் கேட்டிருக்கலாமே என்றார். உண்மையான குறை முதுகில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அதைச் சொன்னால் உங்கள் மனம் நோகும் என்றேன். இப்போதுதான் அவர் சிரித்தார். வேறொருவன் பெயரோடு குதிக்க யாருக்கும் மனம் வரவில்லையாம். ஒரு வருடமாக அந்தக் கொக்கியிலேயே தொங்குகிறதாம். மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து ஒரு விலை சொன்னார். பழக்கதோஷத்தில் இன்னும் கொஞ்சம் என்று என் வாய் திறந்தது. மெரில் என்னைப் பார்த்த பார்வையில் அது தானாக மூடிக்கொண்டது. மிச்சத் தையல்களையும் அவர் சோதித்துத்தான் முடித்தார். ஒன்றிலும் பழுதில்லை. வெள்ளிக்கிழமை பாரசூட்டை மடித்துக் கட்டித் தந்தார்.

சனிக்கிழமை வளையம் பொருந்தியது. எட்டாவது ஆளாக நான் போய்க் கைபிடித்தேன். தோளில் ஒரு பட்டியும் அசையவில்லை. அத்தனை உயரத்தில் அப்படி ஒரு நிம்மதி எனக்கு எந்த வீட்டுக்குள்ளும் கிடைத்ததில்லை. மேலிருந்து எடுத்த வீடியோவை ஊருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் உம்மா வட்ஸ்அப்பில் வந்தார்.

"எத்தினக்கி எடுத்த மகன்?"

உண்மை விலையில் பாதியைச் சொன்னேன். கூடக் கொடுத்துவிட்டாய் என்றார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்; முழு விலையைச் சொன்னாலும் இதே பதில்தான் வந்திருக்கும். ட்ரெவர் கடையில் நடந்ததையும் சொன்னேன். தையலைக் குறை சொன்னதில் பிழையே இல்லை, ஒப்புக்கொண்டதுதான் பிழை என்பது உம்மாவின் தீர்ப்பு. பிறகு, முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பக்கத்திலிருந்த ராத்தா வாசித்துச் சொன்னாள். முதலில் சொல்லிச் செய்வித்த ஆளுடைய பெயர், அதனால்தான் மலிவு என்றேன்.

"அப்ப நீ விழுந்தா, செய்தி அவண்ட உம்மாக்கல்லவா போகும் மகன்?"

சிரித்துச் சமாளித்துவிட்டு வைத்தேன். அடுத்த நாள் முழுக்க அந்தக் கேள்வி என்னோடேயே திரிந்தது. மறுபடி மெரிலிடம் போய், பெயரைப் பிரித்தெடுக்க முடியுமா என்று கேட்டேன். பிரித்தால் ஊசித் துளைகள் நிற்கும், மூடிக்கு நல்லதல்ல, விட்டுவிடு என்றார். மூடியைத் தூக்கி, அடியில் சிறிய உறைக்குள் இருந்த அட்டையை எடுத்தார். உரிமையாளர் என்ற இடத்தில் சப்ரி என்று என் பெயரை எழுதினார். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார். இங்கே சொல்ல எனக்கு ஆட்கள் இல்லாமல் இல்லை. ஆனால் வாயில் வந்தது உம்மாவின் நம்பர்தான். அவருக்கு ஆங்கிலம் தெரியுமா என்று மெரில் கேட்டார். தெரியாது, என் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்றேன். மெரில் நம்பரை எழுதி, அட்டையை உறைக்குள் திருப்பி வைத்தார்.

பிளேன் கதவு திறக்கும் முன் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துவிடுவது இங்கே கட்டாயம். பின்னால் இருப்பவன் கொலின் என்ற மூடியைத் தூக்குவான். உள்ளே பாரசூட்டைப் பூட்டி வைத்திருக்கிற ஊசி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பான். சப்ரியும் சாய்ந்தமருது நம்பரும் ஒரு நொடி காற்றில் கிடக்கும். மூடியை அழுத்தி மூடி, முதுகில் தட்டி, "எல்லாம் சரி, கொலின்" என்பான். நான் கட்டை விரலைக் காட்டிவிட்டு, பிஸ்மி சொல்லிக் குதிப்பேன்.