கப்பலிலிருந்து இறங்கியவர்

போன சனிக்கிழமை பின்னேரம், பருத்தித்துறையில் சிவலிங்கம் வீட்டில் ரீவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவலிங்கம் கப்பலில் வேலை செய்பவர். சிங்கப்பூரில் வாங்கி வந்த பெட்டி. அயலே கூடிவிடும். கொழும்பிலிருந்து வரும் படத்தில் பாதி புள்ளி மழைதான்... அதற்குள் ஆட்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். இங்கிலீஷ் நிகழ்ச்சி என்றால் தமிழில் சொல்வது என் பொறுப்பு. வாத்தியார் அல்லவா?

அன்று ஓடியது துறைமுகங்களைப் பற்றிய ஒரு பிரிட்டிஷ் விவரணத் தொடர். இங்கிலாந்தில் ஏதோ ஒரு துறை. தூறல். கப்பலிலிருந்து மாலுமிகள் வரிசையாக இறங்கினார்கள்.

அவர்களில் ஒருவர் நின்றார். கறுத்த, ஒல்லியான மனிதர். இடது தோள் சற்றே சரிந்திருந்தது. சிகரெட்டைப் பற்றவைத்து, தலையை நிமிர்த்தி — நேராக எங்களைப் பார்த்தார்.

"உவர்... எங்கடை அவரல்லோ?"

கதவோரம் நின்ற பூரணம் அக்காவின் குரல். சிவலிங்கத்தின் அண்ணி. அவருடைய கணவர் போன சரக்குக் கப்பல் புயலில் தாழ்ந்துவிட்டது. ஒருவரும் தப்பவில்லை என்றார்கள். உடல் வரவில்லை. கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிக் கிரியை செய்தே பல வருடமாகிறது.

யாராவது 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். சிவலிங்கம் சொல்வார் என்று பார்த்தேன். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஓம் அண்ணி. அண்ணைதான். அந்தத் தோள்..."

படம் அடுத்த துறைமுகத்துக்குப் போய்விட்டது. எங்களில் ஒருவரும் போகவில்லை.

"மாஸ்டர், உது எப்ப எடுத்த படம்?" சிவலிங்கம் என் கையைப் பிடித்தார்.

"முடிவிலை ஆண்டைப் போடுவாங்கள். ரோமன் இலக்கத்திலை வரும். நான் வாசிச்சுச் சொல்லுறன்."

கப்பல் தாழ முதல் எடுத்ததா, பிறகா? அவ்வளவுதான் கேள்வி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன். இசை தொடங்கியது. பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின...

ஆண்டு வரும் முன்னரே பட்டென்று திரை இருண்டது.

சுவரில் இருந்த சுவிட்சில் கை வைத்தபடி பூரணம் அக்கா நின்றார்.

"அண்ணி! ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"முந்தி எடுத்ததெண்டால் அவர் இன்னொருக்காச் செத்துப்போவார், தம்பி. பிந்தி எடுத்ததெண்டால்... உயிரோடை இருந்தும் என்னட்டை வரேல்லை. எனக்கு ரெண்டும் வேண்டாம்."

இருண்ட கண்ணாடியில் எங்கள் முகங்கள் மங்கலாகத் தெரிந்தன. எத்தனை முகம் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

நேற்று அந்தப் பக்கம் போனேன். படலையைத் திறந்த பூரணம் அக்காவின் நெற்றியில் குங்குமம்!

"வாங்கோ மாஸ்டர், தேத்தண்ணி குடிப்பம்" என்றார், ஒன்றும் நடவாதது போல.

அவர் உள்ளே போனதும் சிவலிங்கம் என் காதருகே குனிந்தார்.

"அவ இப்ப ராவிலை கதவுக்குக் கொளுக்கி போடுறேல்லை, மாஸ்டர்."

தொலைவில் இருப்பதைக் காட்டுவதால் அதற்குத் தொலைக்காட்சி என்று பெயராம். எவ்வளவு தொலைவு என்று ஒருவரும் சொல்லவில்லையே!