ஒரே ஆள் வாங்கிப்போன பாட்டு

நம் தீவுக்குச் சுதந்திரம் வரப்போகும் நேரத்தில் இன்று நடந்ததைக் கேளுங்கள், நண்பர்களே.

ரோஸ் ஹில் கல்லூரிகளைச் சுற்றிப் பாடுகிறவர்களைப் பதிவு செய்து, லாபம் பார்க்காமல் நாங்கள் சிலர் இசைத்தட்டு போடுகிறோம்.

காலையில் முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் தட்டுக் கடைக்கு வந்தார். நாங்கள் பதிவு செய்தவர்களில் ஒருத்தியான தேவானை பாடிய கரும்புத் தோட்ட வேலைநிறுத்தப் பாட்டைக் கேட்டார்.

"இருக்கிறதெல்லாம் குடுங்க, மிஸ்யே."

மகிழ்ந்துபோய்க் கட்டிக் கொடுத்தேன். வாசலில் இறங்கியதும் கட்டைப் பிரித்து, தட்டுகளை ஒவ்வொன்றாக முழங்காலில் வைத்து உடைத்தார். பிறகு உள்ளே வந்து மெதுவாகக் கேட்டார்.

"பாடினவ வீடு எங்கே?"

"தெரியாது."

"பாம்பூதானே?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

உடனே பஸ் ஏறி, பாம்பூவுக்குப் போய் தேவானையிடம் சொன்னேன். அவள் பிள்ளையின் துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

"பாட்டைப் பதிஞ்ச டேப் பத்திரமா இருக்கா, அண்ணே?"

"இருக்கு."

"அப்ப மறுபடி தட்டு போடுங்க. பா பேர், பயப்படாதீங்க" என்று கிரியோலும் தமிழுமாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே எழுந்துபோய்க் கதவுக்கு உள்தாழ் போட்டாள்.

இருவரையும் பஸ் ஏற்றிவிட்டேன். எந்த ஊருக்கு என்று எழுதமாட்டேன். இதை யாரெல்லாம் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் தட்டு எதுவும் இவ்வளவு வேகமாக விற்றதில்லை. மறுபதிப்பு யாருக்கு வேண்டும்? காதோடு சொல்லுங்கள்.