பருவத்தின் நடுவில் தீர்த்த கடன்

ஸ்கூட்டர் பழுதான அன்று பஸ்ஸுக்குச் சில்லறை இல்லையென்று என்னிடம் இரண்டு யூரோ வாங்கிப்போன, உணவகத்தில் பரிமாறும் பெதரிக்கா, மறுநாள் காலை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நேரே நான் பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்தாள். ஈரக் கையென்றும் பாராமல் என் உள்ளங்கையில் நாணயத்தை வைத்து, "சியாமோ பாரி" என்றாள். நமக்குள் கணக்குச் சரி என்று அர்த்தம். முகத்தில் அப்படியொரு நிம்மதி! இத்தாலியில் இந்தக் கத்தானியாவுக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கை. இந்த உணவகத்தில் சமைக்கிறவர், பரிமாறுகிறவர், முதலாளியின் சொந்த மைத்துனர் என்று எல்லோரும் இப்படித்தான். எங்கள் கரையில், பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய ஒரு சுண்டு அரிசியை விடிந்தும் விடியாமலும் அளந்து கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். "என்ன, எங்களோட கோவமா?" என்று வாசலிலேயே கேட்பார்கள்.

எங்கள் ஊர் இலங்கையில், கற்பிட்டிக்குப் போகிற வழியில், மாம்புரிக்குக் கிட்ட. கரைவலைதான் பிழைப்பு. தோணி வலையைக் கடலில் வளைத்து விட்டுவிட்டு வர, கரையில் இரண்டு கயிறாக நின்று ஆட்கள் இழுப்பார்கள். வலைக்குச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்போம். எங்கள் சம்மாட்டி ஒரு பெண், பிலோமினா மாமி. கணவர் செத்த பிறகு வலையை விற்றுவிடுவார் என்று ஊரே காத்திருந்தது. அவரோ பழைய வலைக்கு, மீன் சேரும் மடியைப் புதிதாகப் போட்டு அடுத்த பருவத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டார். பருவம் தொடங்குமுன் ஆட்களுக்கு முற்பணம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வட்டி இல்லை, தவணை இல்லை. பங்கு பிரிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பார்கள், அது கழிந்து முடியுமுன் இன்னும் கொஞ்சம் வாங்குவோம். சம்மாட்டியின் கணக்குக் கொப்பியில் பெயர் இருக்கும்வரை கயிற்றில் இடமும் இருக்கும். ஒருவர் பருவத்தின் நடுவில் கடன் சல்லி முழுவதையும் ஒரே தடவையில் கொண்டுவந்து வைத்தால், அவர் வேறு வலைக்குப் போகிறார் என்று பொருள். அப்படி ஒரு நாள் ஒருவர் கொண்டுவந்து வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். மறுநாளே அவருடைய கயிற்றில் வேறு ஆள் நின்றார்.

நான் ஏ எல் சோதனை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகக் கம்பஸ் கடிதத்துக்காகக் காத்திருந்த காலத்தில்தான் அப்பாவோடு கயிற்றில் நின்றேன். காத்திருப்பது என்றால் ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, ஒரு வருஷத்துக்கு மேல். சும்மா இருக்கிற பெடியனுக்கு ஆசை எதற்குக் குறைச்சல்? லீசிங் தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தேன். அதற்கு முதலில் கட்டவேண்டியதை மாமியிடம் என் பெயரிலேயே முற்பணமாக வாங்கினேன். அந்தச் சைக்கிளில் கற்பிட்டிக் கோட்டை வரைக்கும் போய் வருவதுதான் அன்று என் உலகச் சுற்றுப்பயணம். கிழக்குப் பக்கம் ஒரு கம்பஸில் இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தபோது, லீசிங்கில் இரண்டு வருஷம் பாக்கி, மாமியின் கொப்பியிலும் பாக்கி. படிப்பு இலவசம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் எப்படியும் சமாளித்திருக்கலாம். ஆனால் கடனை வைத்துக்கொண்டு படிக்கப் போவதா என்று எனக்கு ஒரு ரோஷம். முதலில் எல்லாவற்றையும் கட்டி முடிக்கிறேன், பிறகு போகிறேன் என்று சொன்னேன். பதிவு செய்யும் கடைசி நாளன்று வலை இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த நாலைந்து லட்சத்தைக் கட்டுவதற்கு, அம்மாவின் நகைகளை அடகு வைத்துப் பதினெட்டு லட்சம் செலவழித்து இத்தாலிக்கு வந்தவன் நான். இதைவிடப் பெரிய மடையனை நீங்கள் கண்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

பெதரிக்காவுக்கு இருபது வயது. வடக்கே பொலோஞ்ஞா நகரத்தில் படிக்க அவளுக்கு ஆசை. அவளுடைய வீட்டு வருமானத்துக்குக் கட்டணம் அதிகமில்லை, அறை வாடகைதான் பயம். அதோடு ஸ்கூட்டருக்கும் போனுக்கும் "ராத்தே" கட்டுகிறாள். ராத்தே என்றால் மாதத் தவணை. அது முடிந்த பிறகுதான் பல்கலைக்கழகம் என்றாள். என் கதையை என் ஓட்டை இத்தாலியனில் சொன்னேன்.

"இலவசமா?" என்றாள். "இலவசமாகப் படிக்க இடம் கிடைத்தும் நீ போகவில்லையா?"

"கடன் இருந்தது."

"அந்த அம்மா உன்னைப் போகவிடவில்லை, அப்படித்தானே?"

"இல்லை. அவர் ஒரு நாளும் கேட்டதில்லை."

"எப்போது கொடுக்கவேண்டும்?"

"அப்படி நாள் ஒன்றும் இல்லை."

"அப்படியானால் அது கடனே இல்லை, பரிசு" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளோடு போய்விட்டாள். பரிசு இல்லையம்மா என்று விளங்கப்படுத்த எனக்கு மொழி போதவில்லை.

இந்த ஐப்பசியில் தங்கை ரொஷானிக்குக் கடிதம் வந்தது. அவளும் ஒரு வருஷம் காத்திருந்தவள்தான். கற்பிட்டியில் ஒரு போன் கடையில் வேலை செய்து, லெப்டொப் ஒன்றைத் தவணைக்கு எடுத்து, அதற்காக சிறுவயதில் கோயிலில் முதல் நன்மை எடுத்தபோது போட்ட சங்கிலியையும் அடகில் வைத்திருந்தாள். இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லும்போது குரலில் சந்தோஷமே இல்லை.

"குவைத்துக்கு ரெண்டு வருஷம் போயிட்டு வரட்டா அண்ணா? எல்லாத்தையும் கட்டி முடிச்சிட்டுப் படிச்சா நிம்மதிதானே" என்றாள்.

நான் சொன்ன அதே பேச்சு, ஒரு சொல் மாறாமல். அன்றைக்கு வேலையில் இரண்டு கிண்ணத்தை உடைத்தேன்.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்குப் போக டிக்கெட்டுக்கென்று சேர்த்து வைத்திருந்தேன். நான்கு வருஷமாக ஊரைக் காணவில்லை. மூன்று வருஷம் அந்தப் பதினெட்டு லட்சத்தையும் லீசிங்கையுமே கட்டினேன், அம்மாவின் நகைகள் எல்லாம் அலுமாரிக்குத் திரும்பிவிட்டன. மிச்சமிருந்தது மாமியின் கொப்பியும் ரொஷானியின் தவணையும்தான். இரண்டையும் ஒரேயடியாகத் தீர்த்துவிட்டால் அவள் சொல்ல ஒரு சாட்டும் இருக்காது என்று நினைத்தேன். டிக்கெட் சல்லி முழுவதையும் அம்மாவுக்கு அனுப்பி, முதலில் மாமியிடம் போய் அப்பாவின் பெயரிலும் என் பெயரிலும் உள்ளதை ஒரு சதம் பாக்கியில்லாமல் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ரொஷானியின் தவணைக்கு வைக்கச் சொன்னேன். அன்றைக்கு எனக்கும் முகத்தில் அந்த நிம்மதி இருந்திருக்கும்.

பருவம் தொடங்கி மூன்று கிழமை. அது எனக்கு ஞாபகத்திலேயே வரவில்லை. கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு எப்படி மறந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். அம்மாவுக்கு மறக்கவில்லை. ஆனால் மகன் சொல்லிவிட்டானே, ஏதும் திட்டம் இருக்கும் என்று அப்பாவிடமும் சொல்லாமல் போயிருக்கிறார். மாமி சல்லியை வாங்கிக்கொண்டாராம். எண்ணிப் பார்த்து, கொப்பியில் எங்கள் பக்கத்துக்குக் குறுக்கே கோடு கீறி, அம்மாவுக்கு ஒரு பிளேன்டீயும் கொடுத்து அனுப்பினாராம். திங்கட்கிழமை அப்பா கரைக்குப் போனால், அவருடைய கயிற்றில் பக்கத்து ஊர் உச்சமுனையிலிருந்து வந்த ஒருவர் நிற்கிறார். அப்பா சண்டை பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை.

அன்று ரொஷானி எடுத்த போன் கோலில் அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். "யார் ஒங்களக் கட்டச் சொன்ன? அப்பாட தொழிலும் போச்சு. இனி நான் எப்பிடி கம்பஸுக்குப் போற? வர்ற சனிக்கிழமைதான் கடைசி நாள். மிச்சம் இருக்கிற சல்லியில நான் குவைத்துக்குக் கட்டப்போறன்."

சனிக்கிழமைக்கு ஐந்து நாள். எங்கள் வீட்டில் இரண்டாவது ஆளின் படிப்பும் என்னாலேயே போகப்போகிறது. உணவகத்தின் பின்கதவுக்கு வெளியே குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று பிலோமினா மாமிக்குக் கோல் எடுத்தேன்.

"யாரு, இத்தாலிக்கார தொரையா?" என்றார். நான் வாய் திறக்குமுன்னே, "ஒங்கப்பா இருவது வருஷம் என்ட வலையில நிண்டவரு மகன். போறதெண்டா அவரே வந்து சொல்லியிருக்கலாம். பொம்புளட கையில சல்லியக் குடுத்து அனுப்புறதா?" என்றார்.

"அப்பா போகல்ல மாமி. பிழை என்டது. எனக்கு மறந்திட்டு."

"எது மறந்த? பருவமா?"

"ஓம் மாமி."

"ஆண்டவரே!" என்றார். அவருக்குப் பின்னால் கடல் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் சொல்ல வந்ததெல்லாம் விட்டுப் போய், "மாமி, எனக்கு முற்பணம் வேணும்" என்றேன்.

"யூரோவில சம்பளம் எடுக்கிறவனுக்கு என்ட சல்லி என்னத்துக்குடா?"

"ரொஷானிய கம்பஸுக்கு அனுப்ப. என்ட பேர்ல எழுதுங்க. அம்பதாயிரம் போதும். கொப்பியில பேர் இருந்தா அப்பா பழையபடி கயித்தில நிக்கலாம்தானே."

"எழுதினா நீ வந்து இழுக்கணும். சும்மா எழுதமாட்டன். எப்ப வருவே?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியாது மாமி. ஆனா வருவன்" என்றேன்.

"சரி, எழுதுறன்" என்றார். "அப்பாவ நாளைக்கு வரச் சொல்லு. அந்த உச்சமுனையானும் நிக்கட்டும், பாவம், பிள்ள குட்டிக்காரன். ஒரு ஆள் கூட நிண்டா வலை அறுந்தா போகும்?"

மாமியின் ஐம்பதாயிரம் விடுதிக்கும் பஸ்ஸுக்கும் போனது. லெப்டொப்புக்கு முழுவதையும் கட்டிவிடு என்று நான் சொன்னதை ரொஷானி கேட்கவில்லை. கடைக்காரரோடு கதைத்து மாதத் தவணையைப் பாதியாகக் குறைத்து, முடிகிற காலத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். சங்கிலி இன்னும் அடகில்தான். சனிக்கிழமை பதிந்துவிட்டு, கம்பஸ் வாசலிலிருந்தே கோல் எடுத்தாள்.

"கடனோடதான் வந்திருக்கிறன் அண்ணா. முடிச்சிட்டுத்தான் போற எண்டு நிண்டபடியாலதானே நீங்க போகாமப் போன" என்றாள். அவள் குத்திக் காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். எனக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அவளுக்குப் பின்னால் பெடியன் பெட்டைகளின் சத்தம் கேட்டது. ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே அதைக் கேட்டபடி நின்றேன்.

பெதரிக்காவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவளுக்குத் தலை சுற்றியது. எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுத் திரும்ப அதே பெண்ணிடம் போய்க் கடன் வாங்கினாயா, உனக்குப் பைத்தியமா என்று கேட்டாள். தவணை முடியும்வரை காத்திருக்காதே, இப்போதே பதிந்துகொள் என்று அவளிடமும் சொன்னேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். பதிந்தாளா என்று தெரியாது. நான் அனுப்பியதில் மிச்சமிருந்த சல்லியை ரொஷானி தன் பெயரில் வங்கியில் போட்டுவிட்டாள், அது அவளுக்கே இருக்கட்டும். எனக்கு இந்த நத்தாரும் இங்கேதான்.

போன கிழமை அப்பா வழமைக்கு மாறாகத் தானே கோல் எடுத்து, ஒரு விஷயம் சொன்னார். பின்னேரம் பங்கு பிரிக்குமுன் மாமி கொப்பியைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், வந்தவர்கள் பதில் சொல்லவேண்டும். இப்போது அப்பாவின் பெயருக்கு அடுத்ததாக என் பெயரையும் கூப்பிடுகிறாராம். முதல் நாள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மாமி சிரிக்கவில்லையாம். இப்போது யாரும் சிரிப்பதில்லை என்றார் அப்பா. அங்கே நாலு மணியாகும்போது இங்கே பதினொன்றரை. மத்தியான ஆட்கள் வருமுன் நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கும் நேரம். இங்கே நான் ஒருவருக்கும் ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை. நாளைக்கு நான் வராவிட்டால் முதலாளி வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார். அங்கே ஒவ்வொரு நாளும் "ஜூட்!" என்று கூப்பிட்டுவிட்டு மாமி கொஞ்சம் பார்த்துக்கொண்டிருப்பாராம். பிறகு அப்பா "வரல்ல" என்று சொல்ல, என் பெயருக்கு நேரே அதை எழுதிக்கொள்வாராம்.