வைஃபைக்கு வைத்த பாஸ்வேர்டு

இன்று காலை மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்க ஒருவர் வந்தார். கேபிளைக் கதவு மூலையில் நறுக்கென்று மடித்து ஆணி அடித்தார்.

"தம்பி, இப்படி மடக்காதீங்க. உள்ள ஓடுற வெளிச்சம் கசிஞ்சிரும்" என்றேன்.

"அதெல்லாம் ஒங்களுக்குப் புரியாது ஆச்சி. வீட்ல ஆம்பளையாளு யாரும் இருக்காவளா?"

சிக்னல் வரவில்லை. அரைமணி நேரம் எங்கெங்கோ தேடிவிட்டு, அந்த மடிப்பை எடுத்தார். வந்துவிட்டது. என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினார்.

எண்பத்து நான்கில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தபோது, இந்தக் கசிவைத்தான் ஆராயச் சென்னையில் எனக்கு இடம் கிடைத்தது. அண்ணன் என் பெயரில் பதில் எழுதினான். என் கையெழுத்தையும் அவனே போட்டான்.

"எனக்கு விருப்பமில்லை" என்று ஒரே வரி.

என் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில்தான் அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

இன்று மதியம் சாப்பிட வந்த அண்ணன், "ஏட்டி, நெட்டு வந்துட்டாமே, பாஸ்வேர்டச் சொல்லு" என்றான்.

"எனக்கு விருப்பமில்லைன்னு இங்கிலீஷ் எழுத்துல சேர்த்து அடிண்ணே."

அடித்தான். கனெக்ட் ஆனது. அவனுக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. ரசம் கேட்டான்.

உங்கள் கையெழுத்தை யார் போட்டார்கள்? கீழே கமெண்ட்டில் எழுதுங்கள். நெட்டு நன்றாகவே வருகிறது.