கால்வாயில் ஓடிய அரக்குச் சிவப்பு

எங்கள் தெருக் கால்வாயில் தண்ணீர் தினம் ஒரு நிறத்தில் ஓடும். அப்பா பட்டுநூலுக்குச் சாயம் தோய்ப்பவர். வீட்டின் பின்கட்டுதான் பட்டறை. ஆரணியில் பாதித் தறிகள் அப்பாவின் நிறத்தைத்தான் நெய்கின்றன என்று நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்குப் போகும்போது கால்வாயை எட்டிப் பார்த்து, “இன்னைக்கு மயில் கழுத்து” என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்வேன்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு கால்வாய் அடைத்துக்கொண்டது. வீட்டுக்கு வீடு காய்ச்சல். தம்பியும் படுத்துவிட்டான். நகராட்சியில் எத்தனையோ முறை சொல்லியும் யாரும் வரவில்லை. பொறுத்துப் பார்த்த அப்பா ஒரு நாள் தெருவையே திரட்டிக்கொண்டு போய் அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டார். “வரி கட்றோம், ஓட்டுப் போடறோம். கேக்கறது எங்க உரிமைங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் அம்மாவே அசந்துபோனாள். வீட்டில் அவர் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்காது.

மறுநாளே சுகாதார ஆய்வாளர் வந்தார். அடைப்பைக் குச்சியால் கிளறினார். சேற்றோடு அரக்குச் சிவப்பில் நூல் கழிவு சுருள் சுருளாக மேலே வந்தது.

“இது யாரு வேலை?”

பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான், “மேலத் தெருவுல இருந்து வந்துகினு இருக்குதுங்க” என்று கூசாமல் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் நிறத்தை இன்னொரு தெருவுக்குத் தூக்கிக் கொடுப்பதா?

“இல்ல சார், இது எங்க அப்பா கலரு!”

ஆய்வாளர் சிரிக்கவில்லை. “பட்டறைய மூடச் சொல்லி எழுதட்டுமா?” என்று அப்பாவிடம் கேட்டார். அம்மா என் தோளைப் பிடித்தாள்.

அப்பா முன்னால் வந்தார். முந்தின நாள் குரல் இல்லை. “எங்ககிட்டருந்து வந்ததுதாங்க. கழிவுக்குத் தொட்டி கட்டறேன், நூலு விழாம வலை போடறேன். அது என் வேலை. அதுக்காவ கால்வாய அள்ளாம வுட்டுடாதீங்க. அது உங்க வேலை.”

ஆய்வாளர் ஆட்களைக் கூப்பிட்டார். அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினார்.

எனக்கோ அழுகையாக வந்தது. அவ்வளவு பேர் முன்னால் தப்பை ஒத்துக்கொண்டு சேற்றில் நின்றாரே, அப்பா தோற்றுவிட்டார் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் அம்மா அவர் கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டு, அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோற்றுப்போனவரைப் பார்த்து எதற்கு இப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.