பூண்டு மணக்காத ரசமும் பூந்திக்கொட்டை நுரையும்

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ஒரு ஆவணி மாசம். பூம்பாறையில எங்க காடு மலைச்சரிவுல தட்டுத்தட்டா இறங்கும். மேல் தட்டுகள்ல பூண்டு, கீழ்த் தட்டுல மட்டும் கோஸ். அந்தக் கோஸுக்காக நான் ஒரு ஆட்டைத் திருடினேன். ஆமாங்க, நானேதான்!

ஏன்னு முதல்ல சொல்லிடறேன். அதுக்கு முந்தின போகத்துல என் வீட்டுக்காரர் கோஸுக்குப் பூச்சி மருந்து அடிச்சுக்கிட்டிருந்தப்போ காத்து திரும்பிடுச்சு. கண்ணெல்லாம் செவந்து, வாந்தி எடுத்து, வரப்புலயே உக்காந்துட்டாரு. ஜீப்புல ஏத்திக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரெண்டு நாள் குளுக்கோஸ் ஏத்துனாங்க. "ஒண்ணுமில்ல, வெறும் வயித்துல அடிச்சுட்டேன், அதான்"னு அவரு சிரிக்கிறாரு, நான் விடல. இனிமே அந்த மருந்து டப்பாவத் தெறந்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு சொல்லிட்டேன். அவரும் லேசுப்பட்ட ஆளில்ல. "சரி, இந்தப் போகம் கீழ்த் தட்டு உன் பொறுப்பு. கோஸ் உருண்டை கட்டுறதுக்குள்ள புழு அடங்கலைன்னா நான் மருந்தடிக்கிற டேங்கை முதுகுல மாட்டிக்குவேன். அப்புறம் ஒரு வார்த்தை பேசக்கூடாது"ன்னுட்டாரு. இந்தப் போகத்துக்குன்னு வாங்கி வச்சிருந்த புது டப்பா பரண்ல ஏறி உக்காந்துக்கிச்சு.

இலை தழையில பூச்சி விரட்டி செய்யுறதப் பத்திக் கொடைக்கானல்ல ஒரு கூட்டம் போட்டாங்க. சோலிய எல்லாம் போட்டுட்டுப் போனேன். சொல்லிக்குடுத்த அம்மா கீழ்நாட்டுக்காரங்க, சமவெளியிலருந்து வந்தவங்க. வேம்பு, நொச்சி, எருக்குன்னு அடுக்கிக்கிட்டே போறாங்க. எங்க குளிருக்கு வேம்பு எங்க வளருது! எந்திரிச்சுக் கேட்டுட்டேன். "அப்போ உங்க ஊர்ல ஆடு திங்காத இலை எதுன்னு பாத்துப் பறிங்க. பூண்டும் பச்சமிளகாயும் அரைச்சுச் சேத்துக்குங்க"ன்னாங்க. அம்புட்டுதானேன்னு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துட்டேன். அந்தம்மா அதுக்கப்புறமும் என்னமோ பேசிக்கிட்டுதான் இருந்தாங்க. நமக்குத்தான் எல்லாம் தெரியுமே!

ஆடு திங்காத இலை எதுன்னு ஆட்டைத்தானே கேக்கணும்? எங்ககிட்ட ஆடு கிடையாது. பக்கத்து வீட்டுல இருக்கு. ஆனா அது என் ஓரகத்தி வீடு, அதாவது என் வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். எங்களுக்குள்ள மூணு வருஷமாப் பேச்சு வார்த்தை இல்ல. ஒரு காதுகுத்து விருந்துல நான் வச்ச ரசத்தை ஒரு வாய் குடிச்சுட்டு, "பூம்பாறையில வாக்கப்பட்டும் பூண்டு மணக்காம ரசம் வைக்கிறவள இப்பத்தான் பாக்குறேன்"னு பந்தியில வச்சே சொல்லிட்டா. வேற ஊரா இருந்தா சிரிச்சுட்டு விட்டிருப்பேன். பூண்டுக்குப் பேர்போன ஊர்ல இது மானப் பிரச்சினைங்க.

அவகிட்டப் போயி ஆடு குடுன்னு கேக்கவா முடியும்? ஒருநாள் வெள்ளனே, அவ பால் ஊத்தப் போன நேரமாப் பாத்து ஆட்டை அவுத்துட்டேன்.

ரோட்டோரமா ஒவ்வொரு செடியா மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். அது எல்லாத்தையும் தின்னுச்சு. முள்ளுச்செடியத் தின்னுச்சு, யாரோ போட்ட பிஸ்கட் பேப்பரத் தின்னுச்சு, என் ஸ்வெட்டர் கையையும் ஒரு இழுப்பு இழுத்துச்சு. கார்ல வந்த ஒரு டூரிஸ்ட் பொண்ணு இறங்கி, "ஆன்ட்டி, ஸோ க்யூட்! இதுக்கு என்ன பேரு?"ன்னு கேட்டு செல்பி எடுத்துக்கிட்டா. திருட்டு ஆட்டோட பேரு எனக்கெப்படித் தெரியும்? என்னமோ சொல்லிச் சமாளிச்சேன். கடைசியில, பூக்காரங்க மாலையில வச்சுக் கட்டுற மாசிப்பச்சையக் கண்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. தைல மரத்து இலைக்குத் தும்மிச்சு. ஓடையோரம் வெள்ளையாப் பூக்குற ஒரு களைச்செடி, அதுக்கு எங்க ஊர்ல பேரே கிடையாது, அதை ஏறெடுத்தும் பாக்கல. அப்பாடான்னு ஆட்டைக் கொண்டு போய்க் கட்டிட்டு, ஒண்ணுந்தெரியாத மாதிரி வந்து அடுப்பப் பத்த வச்சேன்.

மூணு இலையையும் இடிச்சு, பூண்டும் மிளகாயும் அரைச்சுப் போட்டு, கோமியத்துல ஒரு வாரம் ஊற வச்சேன். மிளகாய் அரைச்ச கை ரெண்டு நாள் எரிஞ்சுச்சு. பழைய வேட்டியில வடிகட்டி, தண்ணி கலந்து அடிச்சேன். ஒரு புழுகூட அசையல. ரெண்டு நாள் விட்டு மறுபடி அடிச்சேன். அதே கதைதான். இலையெல்லாம் சல்லடை. தொட்டா நூல் விட்டுத் தொங்குற அந்தப் பச்சைப் புழுவைப் பாக்கப் பாக்க எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இந்தப் பக்கம் நடுக்குருத்து உள்ள மடங்கி உருண்டை கட்ட ஆரம்பிச்சிருச்சு. வீட்டுக்காரர் வந்து பாத்தாரு. திட்டல. "நாளைக்கு டேங்கைக் கழுவிடறேன்"னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு.

அன்னிக்குச் சாயங்காலம் மிச்சமிருந்ததைக் கலந்து அடிக்க ஆரம்பிச்சு, பாதியிலயே வரப்புல உக்காந்து அழுதேன். ஆஸ்பத்திரியில அவரு படுத்துக் கெடந்ததுதான் கண்ணுக்குள்ளயே நிக்குது. அப்போ மேல் தட்டுலருந்து ஒரு குரல்.

"ஏடி, புழுவுக்கு ரசமா ஊத்துற? இன்னிக்குப் பூண்டு நல்லாத்தான் மணக்குது!"

ஓரகத்தி! மூணு வருஷம் கழிச்சு வந்த முதல் வார்த்தை இது. கோவம் வரணும்ல? எனக்கு அழுகையோட சிரிப்பு வந்துருச்சு. அவ கீழ இறங்கி வந்தா. டேங்குத் தண்ணிய உள்ளங்கையில ஏந்தி ஒரு கோஸ் இலை மேல விட்டா. முத்து முத்தா உருண்டு மண்ணுல விழுந்துச்சு.

"பாத்தியா? ஒரு சொட்டு நிக்குதா? எண்ணெ தேச்ச தலையில வெறுந்தண்ணிய ஊத்துனா நனையுமா? நுரை வேணாமாடி?"

அடக் கடவுளே! கூட்டத்துல அந்தம்மா கடைசியாச் சொல்லிக்கிட்டிருந்தது இதுவாத்தான் இருக்கும்.

அவ வெரசா வீட்டுக்குப் போயி ஒரு வாளியத் தூக்கிட்டு வந்தா. ஸ்வெட்டர் துவைக்க ஊறப்போட்ட பூந்திக்கொட்டைத் தண்ணி. நுரை பொங்க ஒரு சொம்பு டேங்குல ஊத்தினா. அடிச்சா, இலை பூரா ஈரமாப் படிஞ்சு நின்னுச்சு! அவ ஒவ்வொரு இலையா நிமித்திப் பிடிக்க, நான் அடியில அடிச்சேன். பாதித் தட்டு முடிஞ்சப்போ சொன்னா:

"ஆட்டை ஓட்டிட்டுப் போனியே, பால் ஊத்திட்டு வரும்போது அன்னிக்கே பாத்தேன். என்னதான் செய்யுறேன்னு பாக்கத்தான் சும்மா இருந்தேன்."

எனக்கு முகம் செத்துப் போச்சு. பேச்சை மாத்தணுமேன்னு, "ஆட்டுக்கு என்னக்கா பேரு வச்சிருக்க?"ன்னு கேட்டேன்.

"உன் பேருதான். திட்டுறதுக்கு வசதியா இருக்கும்ல!"

வரப்புலயே ரெண்டு பேரும் உக்காந்து வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

மறுநாள் காலையில பாதிப் புழு சுருண்டு கெடந்துச்சு. டேங்கும் கையுமா வந்த என் வீட்டுக்காரரை, "தம்பி, இன்னும் ரெண்டு தடவை அடிக்க விடு, அப்புறம் பேசு"ன்னு அவதான் மறிச்சா. அவரும் அண்ணி பேச்சைத் தட்டல. நாலஞ்சு நாளைக்கு ஒருதரம்னு அடிச்சோம். புதுசா விட்ட இலையில ஓட்டை இல்ல. புழு ஒரேயடியா ஒழிஞ்சுதுன்னு பொய் சொல்ல மாட்டேன். வெளி இலை கொஞ்சம் போச்சு, ஆனா உருண்டை கல்லு மாதிரி கட்டுச்சு.

அறுப்பு அன்னிக்குத்தான் அது நடந்துச்சு. எங்க காட்டுக் கோஸை, மருந்து அடிச்சதுன்னு, உப்புத் தண்ணியில ரெண்டு தரம் அலசாம அடுப்புல ஏத்த விடாத மனுஷன் என் வீட்டுக்காரர். முதல் கோஸை அறுத்தாரு, உள் இலையில ஒண்ணைக் கிழிச்சாரு, நின்ன இடத்துலயே பச்சையா மென்னாரு. "இனிக்குதுடி"ன்னு இன்னொரு இலையக் கிழிச்சு என் வாயில வச்சாரு. மேல் தட்டுல நின்னுக்கிட்டு ஓரகத்தி, "எனக்கெங்கடி?"ன்னு கத்துறா. பரண்ல இருந்த டப்பா மூடி தெறக்காமலே கடைக்குத் திரும்பிப் போச்சு.

இன்னிக்கும் பூந்திக்கொட்டைய ஊறப்போடும்போதெல்லாம், என் வீட்டுக்காரரைக் காப்பாத்துற மருந்து பக்கத்து வீட்டு வாளியில இருந்தும், ஒரு ரசத்துக்காக மூணு வருஷம் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்காம இருந்தேனேன்னு வெக்கமும் சிரிப்பும் சேந்தே வருது.