அந்த வீட்டுக்கு வழி சொல்ல மாட்டேன்

காலை 7.10. பட்டர்வொர்த் துறையிலிருந்து படகு கிளம்பியது. கட்டணம் இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு மலேசிய ரிங்கிட். பினாங்குத் தீவுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. வேலைக்குப் போகிறவர்கள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்கள். நான் இரண்டு முறை இடம் மாறி உட்கார்ந்து, கடைசியில் நின்றுகொண்டேன். எழுபத்து நான்கு வயதில் இந்தப் பயணம் எதற்கு என்று மகள் கேட்டபோது சரியான பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஏழு வருடங்களுக்கு முன் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் உச்சிவெயிலில் நடந்து ஒரு வீட்டு வாசலில் மயங்கி விழுந்தேன். அந்த வீட்டில் தையல் தைக்கும் லெட்சுமி என்ற பெண்மணி என்னை உள்ளே இழுத்துப் போட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்து, குடிக்கவும் கொடுத்தார். தமிழ்நாடு திரும்பி அதை ஒரு பத்திரிகையில் எழுதினேன். ‘அந்தக் கதவு எப்போதும் திறந்திருக்கும், தாகம் என்றால் போதும்’ என்று எழுதி, தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் கொடுத்தேன். பயணக் கட்டுரையில் விவரம் துல்லியமாக இருக்க வேண்டும் என்பது என் பெருமை. நான் எழுதியவற்றில் அதிகம் பேர் படித்தது அதுதான்.

போன மாதம் ஒரு வாசகர் எழுதியிருந்தார்: அந்த வீட்டுக்குப் போனாராம், கதவைத் திறக்கவே இல்லையாம், பெரிய ஏமாற்றமாம். வாசலில் தொங்கிய பலகையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ‘இது வீடு. தண்ணீர் கிடையாது. படம் எடுக்காதீர்.’ சுற்றுப்பயணிகளுக்கான பலகைகள் அந்த ஊரில் ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருக்கும். இது தமிழில் மட்டும் இருந்தது. தொந்தரவு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

8.00. சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. ரொட்டி சானாயும் தே தாரிக் தேநீரும் நான்கு வெள்ளி. கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று கல்லாவில் இருந்த கடைக்காரர் ஹனிபாவிடம் கேட்டேன்.

“ஏழரை வரைக்கும் எங்க ஆளுங்க ஐயா. ஒம்பதுக்கு மேல சுத்திப் பாக்க வர்ற நீங்க எல்லாம். நடுவுல கொஞ்சம் மூச்சு விட்டுக்குவோம்.”

“நாங்கள் வருவது கஷ்டமா?”

“வியாபாரம் வேணும்லா. ஆனா என் சம்சாரம் இங்க வர்றதில்ல. சாப்பிடும்போது எவனாச்சும் படம் புடிக்கிறான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

9.15லிருந்து 11 மணி வரை நடந்தேன். லெட்சுமியின் தெருவை மூன்று முறை கடந்தும் நிற்கவில்லை. சுவரோவியம் இருக்கும் ஒரு சந்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓவியத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தலைக்கவசத்தோடு மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து, தன் வீட்டை விட்டு வெளியே வரக் காத்திருந்தார். ஒவ்வொரு படம் முடிந்ததும் நகரப் பார்ப்பார். அதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார். யாரிடமும் கோபப்படவில்லை. இந்த ஊர்க்காரர்கள் அப்படிக் காத்திருக்கப் பழகிவிட்டார்கள்.

11.20. கதவைத் தட்டினேன். கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “தண்ணி இல்ல. மொனைக் கடையில போத்தல் ஒன்றரை வெள்ளி.”

தாகமில்லை என்றேன். ஒரு முகம் எட்டிப் பார்த்தது. “நீங்க மயக்கம் போட்ட ஐயாதானே? ஒங்க குடை இன்னும் இங்கதான் கெடக்கு.”

பூட்டைத் திறந்து உள்ளே விட்டார். பட்டப்பகலில் குழல்விளக்கு எரிந்தது. வாசலோரம் இருந்த தையல் இயந்திரம் உள்சுவருக்குப் போயிருந்தது. கேட்காமலே காரணம் சொன்னார். தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்களாம். முதலில் ஒன்றிரண்டு பேர், அவரும் தண்ணீர் கொடுத்தார். பிறகு கும்பல். ஒரு குழந்தை இயந்திரத்தை மிதித்துக் கல்யாண ரவிக்கையில் ஊசி ஒடிந்தது. மதியம் அவர் அசந்து தூங்கியதை ஒருவர் வீடியோ எடுத்தார். கதவைச் சாத்தியதும், கடையை மூடிவிட்டதாக நினைத்து வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் தீவின் ஆயர் ஈத்தாம் பகுதியில் வேறொருவரிடம் போய்விட்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் கறுப்புத் துணி தைத்தால் கண்ணில் நீர் வருகிறது.

“எவனோ நெட்டுல போட்டுட்டான் போல ஐயா. எவன்னு தெரியல,” என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் வந்தேன். சொல்லாமல் குடையின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கொடுத்த தண்ணீரையும் குடித்தேன்.

“நீங்க வாசல்ல கொஞ்ச நேரம் காவலா ஒக்காருங்க. கதவத் தொறந்து வச்சு ஒரு ரவிக்கைக் கையை முடிச்சிடறேன்,” என்று இயந்திரத்தை வெளிச்சத்துக்கு நகர்த்தினார்.

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் இயந்திரம் ஓடத் தொடங்கியது. 12.05க்கு ஒரு குடும்பம் வந்தது. கோயம்புத்தூராம். கணவன், மனைவி, கல்லூரி வயதில் ஒரு பெண். அந்தப் பெண் கைப்பேசியைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள்: “அந்தக் கதவு எப்போதும் திறந்திருக்கும், தாகம் என்றால் போதும்...” கணவர் திறந்த கதவைப் பார்த்து, “கரெக்டா எழுதியிருக்காரு பாரு,” என்றார்.

நான் எழுந்து வழியை மறித்து நின்றேன். “அதை எழுதினது நான்தாங்க. அதை எழுதியிருக்கக் கூடாது. இது அவங்க வீடு. தயவுசெஞ்சு போயிடுங்க.”

அவர் முகம் மலர்ந்தது. “ஐயா, நீங்களா? ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? அவங்களையும் கூப்பிடுங்க.”

இயந்திரம் நின்றது.

அவர்களை அனுப்பிவைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. நான் திரும்பியபோது லெட்சுமி துணியை மடித்து முடித்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன். திட்டவில்லை.

“தண்ணி குடுத்தத எழுதினீங்க சரி. நம்பர் எதுக்கு?”

பத்திரிகையின் இணையதளத்திலிருந்து கட்டுரையை எடுக்கச் சொல்கிறேன் என்றேன். பலர் படம் பிடித்து வைத்திருப்பார்களே என்றார். அதுவும் உண்மை.

“அப்ப இன்னொண்ணு எழுதுங்க. லெட்சுமி சிம்பாங் அம்பாட்டுக்குப் போயிட்டான்னு எழுதுங்கலா. பாக்டரி ஊரு, அங்க எவனும் வரமாட்டான்.” லேசாகச் சிரித்தார். சிரிப்பு உடனே நின்றது. “குடைய மறக்காம எடுத்துக்குங்க ஐயா.”

நான் நடைபாதையில் இறங்கியதும் கம்பிக் கதவு பூட்டப்படும் சத்தம் கேட்டது. மாலை 4.30 படகில் திரும்பினேன். அப்போதும் உட்கார முடியவில்லை.

அவர் கேட்டபடி எழுதிவிட்டேன்: லெட்சுமி சிம்பாங் அம்பாட்டுக்குப் போய்விட்டார். அது பொய் என்று தெரிந்தும் பழைய கட்டுரையை வைத்துக்கொண்டு யாராவது அந்தக் கதவுக்குப் போவீர்களானால், அங்கே தட்டுவது நீங்கள் மட்டுமல்ல, நானும்தான்.

இன்னும் ஒன்று பாக்கி. என் வீடு ஸ்ரீரங்கத்தில், கோயிலிலிருந்து நடந்து மூன்று நிமிடத் தூரம். திருவிழா நாட்களில் வெளியூர்க்காரர்கள் என் வாசல் படியில் உட்காருவார்கள், குழந்தைக்குத் தண்ணீர் கேட்பார்கள். அது பொறுக்காமல் படிக்கு முன்னால் இரும்புக் கதவு போட்டுப் பூட்டினேன். பினாங்குக்கு முதல்முறை போவதற்கு இரண்டு வருடம் முன்பு அது. லெட்சுமியின் திறந்த கதவைப் புகழ்ந்து எழுதிய கட்டுரையில், என் பூட்டிய கதவைப் பற்றி ஒரு வரியும் நான் எழுதவில்லை.